இரண்டாவது மாத்திரையும் உன் பேச்சும்

அன்புள்ள யுவா,

ஞாயிற்றுக்கிழமை நீ பாதிச் சோற்றில் எழுந்து போனதிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. தேநீர் வருகிறது, சோறு வருகிறது, பேச்சு வருவதில்லை. வாட்ஸாப்பில் உனக்குப் பேசி அனுப்பலாம் என்று மூன்று முறை போனை எடுத்தேன். மூன்று முறையும் பாதியிலேயே என் குரல் ஏறிவிட்டது, அழித்துவிட்டேன். முப்பது வருடம் செம்பனைப் பழ லாரி ஓட்டியவனுக்கு இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசித்தான் பழக்கம். எழுதினால் கத்த முடியாது என்பதால் இந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்திருக்கிறேன். என் கையெழுத்தை நீ கேலி செய்வாய், தாராளமாகச் செய்துகொள்.

நடந்ததை முதலில் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். போன மாதம் நீ தங்கியிருக்கும் தங்கா பத்து வீட்டில் உனக்கு வலிப்பு வந்தது. பத்து மாதம் வராமல் இருந்து வந்தது. டாக்டர் இரண்டு வழி சொன்னார் என்றாய். முதல் மாத்திரையோடு சேர்த்து இப்போது போடும் துணை மாத்திரையின் அளவைக் கூட்டலாம், அல்லது அதோடு இன்னொன்றைச் சேர்க்கலாம், யோசித்துவிட்டு அடுத்த வியாழக்கிழமை வா என்றாராம். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான். நான் உடனே, பள்ளிக்கூடக் காலத்தில் போட்டாயே அந்த இரண்டாவது மாத்திரை, அதையே கேட்டு வாங்கு, அதில்தானே ஒரு வலிப்புகூட வரவில்லை, கல்யாணம் முடியும்வரை போட்டுவிட்டுப் பிறகு விட்டுவிடு என்றேன். நீ கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாய். "அந்த மாத்திரையில நான் நானாவே இல்லப்பா. மணவறையில யார உக்கார வைக்கப் போறீங்க?" என்று கேட்டாய். ஐந்நூறு பேர் முன்னால் நீ விழுந்தால் யாருக்கு அவமானம் என்று நான் கேட்டேன். "அதத்தான் நானும் கேக்குறேன். யாருக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாய். ஷாமினி பாவம், கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றாள். கட்டிக்கொள்ளப் போகிறவனின் வீட்டில் அந்தப் பெண் பார்த்த முதல் சண்டை அது.

நீங்கள் போன பிறகு உன் அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். "மாத்திர என்ன வாடக நாக்காலியா, கல்யாணத்துக்கு எடுத்துட்டு வந்து மறுநாள் திருப்பிக் குடுக்க?" அதோடு வாயை மூடிக்கொண்டவள்தான். மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

நீ எப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தாய் என்று உனக்கே தெரியாது. நான்கு வயதில் என் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து நியாலாஸிலிருந்து ஆலைவரை ஒரு நிமிடம் வாயை மூடாமல் வருவாய். எடைபோடும் இடத்தில் நிற்கும் மலாய்க்காரர், பொதிபோல் பெருத்த சீன முதலாளி தவுக்கே, நம் வரிசை வீட்டுப் பெரியம்மா என்று எல்லாரையும் அவரவர் குரலிலேயே பேசிக் காட்டுவாய். பத்து வயதில் கோவில் திருவிழாவில் மைக்கைப் பிடித்தாய். காணாமல் போன செருப்புக்குக்கூட அறிவிப்பு செய்து கூட்டத்தைச் சிரிக்க வைத்தாய். இந்தப் பையன் பேசியே பிழைத்துக்கொள்வான் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு உள்ளே பெருமை, வெளியே "வாயாடி" என்று திட்டுவேன். பெருமையை நேராகச் சொல்லிப் பழகாத ஆள் நான், அது உனக்குத் தெரியும்.

பதினான்கு வயதில் முதல் வலிப்பு. பள்ளிச் சீருடையோடு சாப்பாட்டு மேசையிலிருந்து சரிந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, உன் கையில் லாரி சாவியைத் திணித்தேன். இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. சாவியின் பல் உன் உள்ளங்கையைக் கிழித்ததுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. மாதத்தில் இரண்டு, சில மாதம் மூன்று. ஒரு வருடம் பார்த்துவிட்டு, முதல் மாத்திரைக்கு ஒரு துணை வேண்டும் என்று டாக்டர் இரண்டாவது மாத்திரையைச் சேர்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார். வலிப்பு நின்றது. சுவரில் மளிகைக்கடைக் காலண்டர் தொங்குமே, அதில் நீ விழுந்த நாளெல்லாம் நான் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பேன். அந்த வருடம் பக்கம் பக்கமாகச் சிவப்பே இல்லை. காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நிற்பதற்கு முன்பே காலண்டருக்கு முன்னால்தான் நிற்பேன்.

அந்த வருடத்தில் நீ பேசாத நாட்களுக்கு நான் எந்தக் கோடும் போடவில்லை. முதலில் வார்த்தை தடுமாறியது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே "அது, அந்த, இது" என்று நிற்பாய். பிறகு பதில் வரத் தாமதமானது, கேட்டதை உள்ளே எங்கேயோ போய்த் தேடிக்கொண்டு வருவதைப்போல. பிறகு நீயாகப் பேசுவதே நின்றது. சாப்பாடு இறங்கவில்லை, கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. விரல் நுனி மரத்துப்போகிறது என்று ஒரு நாள் சொன்னாய், நான் காதில் வாங்கவில்லை. தமிழ்க் கட்டுரையில் எப்போதும் முதலில் வருகிறவன் பாதிப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். உன் டீச்சர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். பெரிய பையன் ஆகிவிட்டான், பொறுப்பு வந்துவிட்டது என்று நான் அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். எவ்வளவு பெரிய பொய், யுவா. லாரியில் உன் பக்கத்து சீட்டில் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டியவன் நான்தான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்குக்குப் போவோம். மருந்தில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று டாக்டர் மலாயில் கேட்பார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் "தாக் அடா, டாக்டர்" என்று முந்திக்கொள்வேன். ஒன்றுமில்லை, எல்லாம் நலம். அவர் எழுதிக்கொள்வார், அதே மாத்திரை, அடுத்த தேதி. இது ஒரு முறை வாய்தவறி வந்ததல்ல. ஒன்றரை வருடம் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று இந்த மூன்று நாளாக யோசிக்கிறேன். ஒரு காரணம் பழக்கம். நான் வளர்ந்த தோட்டத்தில் டிரஸ்ஸர் என்று ஒருவர் இருந்தார், மருந்து கொடுப்பவர். காலைப் பெரட்டு என்று ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கு எடுத்த பிறகு அவரிடம் போய் உடம்பு முடியவில்லை என்று நிற்பவனை அவர் பார்க்கும் பார்வையிலேயே சோம்பேறி என்று முத்திரை விழுந்துவிடும். அதனால் என் அப்பா காய்ச்சலோடு நின்றாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். என்னையும் அப்படியே சொல்ல வைத்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே எங்கள் வாய் தானாக அதைச் சொல்லிவிடும். நம் ஆட்களில் பாதிப் பேர் இன்றும் கிளினிக்கில் அப்படித்தான் சொல்லிவிட்டு, வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எல்லா நோவையும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பழக்கத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. இரண்டாவது காரணம் பயம். உண்மையைச் சொன்னால் டாக்டர் அந்த மாத்திரையை எடுத்துவிடுவார், காலண்டரில் மறுபடியும் சிவப்பு வரும் என்ற பயம். உன் பேச்சைக் கொடுத்து என் நிம்மதியை வாங்கிக்கொண்டேன், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

அந்த வருடத் திருவிழாவில் உனக்கு மைக்கைக் கொடுத்தார்கள். அன்னதானம் தொடங்கப் போகிறது என்று நீ அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். "அடுத்து, அந்த, சாப்பாடு, அந்த" என்று நின்றுவிட்டாய். ஆயிரம் முறை சொன்ன வார்த்தை வரவில்லை. கூட்டம் நீ வேண்டுமென்றே செய்கிறாய் என்று நினைத்துச் சிரித்தது. நீ மைக்கை வைத்துவிட்டு வந்து என் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். நான் தேடிக்கொண்டு வந்தபோது, "அப்பா, விழுறதுகூட பரவால. இது வேணாம்பா" என்றாய். அதற்கு நான் சொன்னதை நீ மறந்திருந்தால் நல்லது, ஆனால் மறந்திருக்க மாட்டாய். "பேச்சு போனா போவட்டும். விழாம இருக்கியா இல்லியா, அதப் பாரு" என்றேன். பதினாறு வயதுப் பையனிடம் அப்படிச் சொன்னேன். அதற்காக உன்னிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு, ஐயா.

அதற்குப் பிறகு நீ யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினாய். மூன்றே நாள். நான்காம் நாள் காலையில் குளியலறைக்குள் விழுந்தாய், உள்ளே தாழ் போட்டிருந்தது. தோளால் இடித்து நான் கதவை உடைத்தபோது தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று முடியுமுன் அடுத்த வலிப்பு. புருவத்தில் ஏழு தையல், இரண்டு நாள் உனக்கு நினைவு சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன், டாக்டரை ஏமாற்றினாயே என்று. டாக்டரை முதலில் ஏமாற்றியவன் நான். அதைப் பார்த்துத்தான் நீ கற்றுக்கொண்டாய்.

உன்னைச் சேர்த்திருந்த வார்டில் டாக்டர் வழக்கம்போல அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் உன் அம்மா பேசினாள். கடையில் வெங்காயம் கேட்பதற்குக்கூட மலாய் பேசக் கூச்சப்படுகிறவள் அவள். "டாக்டர், அனாக் சாயா ஹிலாங் சாக்காப்" என்றாள். என் பிள்ளையின் பேச்சு தொலைந்து போய்விட்டது என்று சொல்ல வந்தாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் எல்லாவற்றையும் கேட்டார். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, என் வாயாலேயே மலாயில் மாற்றிச் சொல்ல வைத்தாள். ஒவ்வொன்றாக நானே சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மூன்று மாதத்துக்குப் பத்து நிமிடம்தான் உங்கள் மகனை நான் பார்க்கிறேன், மீதியைப் பார்ப்பது நீங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். துணை மாத்திரை என்று பல இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொருவரிடம் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும், ஒருவருக்கு ஒன்றும் செய்யாத மாத்திரை இன்னொருவரைப் படுத்திவிடும், போட்டுப் பார்க்காமல் யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது என்றார். வலிப்பு நின்றதா என்பது பாதிக் கேள்விதான் என்றும் சொன்னார். பிறகு இரண்டாவது மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, இப்போது நீ போடுவதைப் படிப்படியாகச் சேர்த்தார். அதுவும் சும்மா வரவில்லை. முதல் இரண்டு மாதம் உனக்கு எதைக் கண்டாலும் கோபம். மின்விசிறியைப் போட்டதற்காக உன் அம்மாவிடம் கத்தினாய், அலமாரிக் கதவை உதைத்தாய். இந்த முறை நாங்கள் அதை மறைக்காமல் சொன்னோம். அவர் அளவைக் குறைத்து, காத்திருந்து, மெதுவாகக் கூட்டினார். கோபம் அடங்கியது. ஒரு நாள் லாரியில் நீயாகவே எடைபோடுகிறவரின் குரலில் என்னைத் திட்டினாய். நான் சாலையோரமாக லாரியை நிறுத்திவிட்டு, டயரைப் பார்ப்பதுபோல் கீழே இறங்கி நின்று அழுதேன். உனக்கு இது தெரியாது.

அந்த மாத்திரையில் வலிப்பு முழுதாக நிற்கவில்லை என்பதும் உண்மை. வருடத்துக்கு ஒன்று, இரண்டு. அதனால் உனக்குக் கார் ஓட்ட முடியவில்லை. சுங்கை ரம்பாயிலிருந்து அந்தப் பெண் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அழைத்துப் போகிறாள். அதையும் உன் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்துக்கொள். ஆனால் நீ பிரிண்டிங் கடையில் வேலை செய்துகொண்டு, வாரக் கடைசியில் கல்யாண விருந்துகளில் எம்.சி.யாக மைக் பிடித்து நின்று மண்டபத்தையே சிரிக்க வைக்கிறாய். ஜாசினில் ஒரு விருந்தில் கடைசி மேசையில் உட்கார்ந்து நானும் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவரிடம், அது என் மகன் என்று அவர் கேட்காமலேயே சொன்னேன்.

திங்கட்கிழமை ஷாமினி தனியாக வந்தாள், உன்னிடம் சொன்னாளோ இல்லையோ. சண்டைக்குச் சமாதானம் பேச வந்தாள் என்று நினைத்து நான் முறைப்பாகவே உட்கார்ந்திருந்தேன். அவளோ ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் அந்த இரண்டாவது மாத்திரை உன்னை என்ன செய்தது என்று உனக்கே சரியாக நினைவில்லையாம், அந்த ஒன்றரை வருடம் பனி மூடியதுபோல் இருக்கிறது என்றாயாம். பார்த்தவர்கள் சொன்னால்தான் உண்டு என்றாள். அதற்குத்தான் மேலே இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறேன். வார்த்தை, சாப்பாடு, விரல் நுனி, கட்டுரை, எல்லாம் டாக்டருக்கும் சேர்த்துத்தான். தேவையான பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போ. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்காவது சொன்னதாக இருக்கட்டும்.

கிளம்பும்போது நான் அவளிடம் கேட்டேன், உனக்குப் பயமாக இல்லையா அம்மா, மேடையில் விழுந்துவிட்டால் என்று. அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "மாமா, இவரு விழுந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும், ரெண்டு தடவ பாத்துட்டேன். ஒண்ணும் பேசாம பக்கத்துல உக்காந்திருந்தாருன்னா என்ன செய்யறதுன்னு எனக்கு உண்மையிலயே தெரியாது லா." உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

யுவா, விழுந்தாலும் பரவாயில்லை என்று நான் எளிதாகச் சொல்லவில்லை. அந்தக் குளியலறைத் தண்ணீரைப் பார்த்தவன் நான். இன்றும் நீ இங்கே வந்து குளிக்கப் போனால் தாழ் போடாதே என்று கத்துகிறேன், நீ முப்பதை நெருங்கும்போதும். ஆகவே நீயாக எதையும் நிறுத்தாதே, நீயாக எதையும் கூட்டாதே. இருக்கிற அளவைக் கூட்டுவதா, புதிதாக ஒன்று சேர்ப்பதா, எது எவ்வளவு தடுக்கும், பதிலுக்கு என்ன கேட்கும் என்று டாக்டரிடம் நேராகக் கேள். எதைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்று நீ சொல். பேச்சால் சாப்பிடுகிறவன் என்று சொல். கோபம் வந்தால் ஷாமினிக்கு முதலில் தெரியும், அவளையும் பேச விடு. புது மாத்திரை கொஞ்சம் தூக்கத்தைக் கொடுத்து வலிப்பை நிறுத்துகிறது என்றால், அது உனக்குச் சரியென்று பட்டால், போட்டுக்கொள், அப்பா சொன்னார் என்று வீம்புக்கு மறுக்காதே. எல்லாம் நீ வாழப்போகிற நாளுக்காக முடிவு செய். ஒரு காலைப் பொழுது மணவறையில் என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக எந்த மாத்திரையும் வேண்டாம். நான் அப்படிக் கேட்டது தப்பு.

நேற்று கல்யாண ஏற்பாடு பேசக் கோவிலுக்குப் போயிருந்தேன். மாலை, மேளம், ஓமத்துக்கு நெய் எல்லாம் பேசி முடித்தோம். வேறு ஏதாவது உண்டா என்று ஐயர் கேட்டார். வழக்கம்போலத் தாக் அடா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். உன் விஷயத்தை இதுவரை நான் வெளியாள் ஒருவரிடமும் சொன்னதில்லை, உனக்கே தெரியும். "சாமி, என் மகனுக்கு வலிப்பு உண்டு. தாலி கட்டுறப்ப நடுவுல விழுந்துட்டான்னா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பஞ்சாங்கத்தை மூடவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார். மூன்று நிமிடத்தைத் தாண்டியதில்லை, பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் படுக்க வேண்டும், சில நாள் அரை மணிகூட ஆகும் என்றேன். "முகூர்த்தம் ஒம்போதுலேருந்து பத்தரை வரைக்கும். நேரம் இருக்கு, படுத்துட்டு வரட்டும்" என்றார். மேளக்காரரிடமும் சொல்லிவிட்டேன், நீ படுத்திருந்தால் மெதுவாக ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பாராம். மணவறைக்கு இடது பக்கம் என் நாற்காலி. உன்னை ஒருக்களித்துப் படுக்க வைக்க எனக்குத் தெரியும்.

உன் அப்பா